பழைய குரோம்புக்கில் லினக்ஸ்: ஃபர்ம்வேரையும் மாற்றுவதா, தொடாமல் விடுவதா?

கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான ஏசர் சி720 குரோம்புக் 2013-ல் வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 199 டாலர். இந்தியாவில் 23,000 ரூபாயை ஒட்டி விற்றது. 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் 2955யூ பிராசஸர், 2 ஜிபி ரேம், 16 ஜிபி எஸ்எஸ்டி. எடை ஒன்றேகால் கிலோ. இன்று யாராவது பரணிலிருந்து எடுத்து நீட்டினால் 'வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லத் தோன்றும். எனக்கு ஒருவர் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். விசைப்பலகை நன்றாக இருந்தது, கீல் ஆடவில்லை, பேட்டரி பாதி உயிரோடு இருந்தது. கட்டுரை எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் இதற்குமேல் என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. இந்த மாடலுக்குக் கூகுள் கொடுத்துவந்த குரோம்ஓஎஸ் புதுப்பிப்புகள் 2019-லேயே நின்றுவிட்டன. கருவி ஓடும், ஆனால் பிரவுசர் அந்த ஆண்டிலேயே உறைந்து நிற்கும். குரோம்ஓஎஸ் என்பதே கிட்டத்தட்ட பிரவுசர்தான். அது பழசானால் மொத்தக் கருவியும் பழசு. அதில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் தயாரில்லை. ஆகவே லினக்ஸ் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க ஒன்றுமில்லை. எப்படிப் போடுவது என்பதில்தான் மூன்று வழிகள் பிரிகின்றன. நாலாவது வழி, இதை மறுபடி பரணில் ஏற்றிவிட்டு வேறொரு பழைய லேப்டாப் வாங்குவது.

வழிகளுக்குள் போகுமுன் ஃபர்ம்வேர் பற்றி ஒரு வார்த்தை. பவர் பட்டனை அழுத்தியதும், ஆபரேட்டிங் சிஸ்டம் எழுவதற்கு முன்பு ஓடுகிற நிரல் அது. ரேமை எழுப்பும், திரையை எழுப்பும், டிஸ்கில் இருப்பதைக் கூப்பிடும். நம்மில் பலர் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். சாதாரண லேப்டாப்பில் அது தயாரிப்பாளர் யாருக்கும் காட்டாத மூடிய நிரல். குரோம்புக்கில் கதை வேறு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் இருப்பது கோர்பூட் என்ற திறந்த ஃபர்ம்வேர், அதன் மூலத்தை யாரும் படிக்கலாம். 1999-ல் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் திட்டம்தான் 2008-ல் அந்தப் பெயருக்கு மாறியது. கூகுள் அதை எடுத்துத் தன் கருவிகளில் வைத்துக்கொண்டது.

அப்படியானால், திறந்த ஃபர்ம்வேர் போடுவதற்காகக் குரோம்புக்கைப் பிரிப்பவர் எதை மாற்றுகிறார்? பூட்டை. அந்தக் கோர்பூட்டுக்கு மேல் கூகுள் ஒரு காவலாளியை உட்கார வைத்திருக்கிறது. டிஸ்கில் இருப்பது கூகுள் கையெழுத்திட்ட குரோம்ஓஎஸ்தானா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது அதன் வேலை. காவலாளி இருக்கும் பகுதியை யாரும் அழித்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக மதர்போர்டில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அது வெறும் திருகுதான். போர்டில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும், திருகின் தலை இரண்டையும் இணைக்கும். இணைந்திருக்கும்வரை ஃபர்ம்வேர் சிப்பின் அந்தப் பகுதியில் எழுத முடியாது. கழற்றினால் எழுதலாம். இவ்வளவு எளிமையான பாதுகாப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்: இணையத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் நம் வீட்டு ஸ்க்ரூடிரைவரைத் தொட முடியாதே.

முதல் வழி, ஃபர்ம்வேரையும் குரோம்ஓஎஸ்ஸையும் தொடாமல், டெவலப்பர் மோடை (காவலாளியின் சரிபார்ப்பை அணைக்கும் நிலை) மட்டும் திறந்து, குரூட்டன் என்ற ஸ்கிரிப்டைக் கொண்டு குரோம்ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஓர் உபுண்டுவைக் குடிவைப்பது. ஒரு காலத்தில் இதுதான் பிரபலம். இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அந்த உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுவது குரோம்ஓஎஸ்ஸின் கெர்னலில், அதாவது அதன் அடிமட்ட நிரலில்தான். 2019-ல் நின்றுபோன அதே கெர்னல். மேலே புதுச் சுண்ணாம்பு அடித்தாலும் அஸ்திவாரம் பழசு. இன்னும் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் குரோம்புக் உங்களிடம் இருந்தால் அதற்கும் குரூட்டன் தேவையில்லை. குரோம்ஓஎஸ்ஸிலேயே லினக்ஸ் வசதி இருக்கிறது, அமைப்புகளில் ஒரு பட்டனைத் தட்டினால் டெபியன் வந்துவிடும்.

இரண்டாவது வழி கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டியது, ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபர்ம்வேர் சிப்பில் பூட்டப்படாத ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் ஆர்டபிள்யூ லெகசி. திருகைத் தொடாமலே அதில், மற்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களைத் தொடங்கிவைக்கும் சீபயாஸ் என்ற சின்ன நிரலைப் புதுப்பித்துக்கொள்ளலாம். மிஸ்டர் குரோம்பாக்ஸ் என்ற பெயரில் இயங்கும் திட்டத்தின் ஸ்கிரிப்ட் இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அப்புறம் பெண்டிரைவிலிருந்து லினக்ஸை டிஸ்கில் போட்டுவிடலாம். பிரிக்கத் தேவையில்லை, உடைந்துபோகும் பயமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் காவலாளி அங்கேயே இருக்கிறார். லேப்டாப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் திரை ஒன்று வந்து, சரிபார்ப்பு அணைந்திருக்கிறது என்று எச்சரிக்கும். அப்போது கன்ட்ரோலையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் லினக்ஸ். அழுத்தாமல் விட்டால் அரை நிமிடம் காத்திருந்து, பீப் என்று கத்திவிட்டு, டிஸ்கில் இல்லாத குரோம்ஓஎஸ்ஸைத் தேடும். அதே திரையில் ஸ்பேஸைத் தட்டினால் சரிபார்ப்பை மறுபடி இயக்கலாம் என்றும் எழுதியிருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கதை முடிந்தது. ஸ்பேஸைத் தட்டச் சொல்கிறது, தட்டும். எண்டரைத் தட்டி உறுதிசெய்யச் சொல்கிறது, அதையும் தட்டும். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.

அப்போது நடப்பது வேடிக்கையானது. லினக்ஸ் டிஸ்கில் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனால் அதைத் தொடங்கலாம் என்ற அனுமதிக் குறி போயிருக்கும். அந்தக் குறியை மறுபடி இட குரோம்ஓஎஸ்ஸின் டெர்மினல் வேண்டும். குரோம்ஓஎஸ்ஸை மீட்புப் பெண்டிரைவிலிருந்து டிஸ்கில் போட்டால் லினக்ஸ் அழிந்துவிடும். கதவு பூட்டியிருக்கிறது, சாவி வீட்டுக்குள் இருக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டிலும் இது நடக்கும்: சி720-ஐ இரண்டு மாதம் சார்ஜ் போடாமல் அலமாரியில் வைத்தால், பேட்டரி முழுக்க இறங்கி, அந்த அனுமதிக் குறி தானாகவே அழிந்துவிடும்.

இதற்கு மருந்து உண்டு. ஜிபிபி கொடிகள் என்று சில குறிகளை ஃபர்ம்வேரின் பூட்டிய பகுதியிலேயே நிரந்தரமாக எழுதிவிட்டால், பேட்டரி இறங்கினாலும் அனுமதி போகாது, வெள்ளைத் திரையும் இரண்டொரு நொடியில் விலகும். ஆனால் பூட்டிய பகுதியில் எழுத வேண்டுமானால் திருகைக் கழற்ற வேண்டும்.

என் முடிவு இந்த இடத்தில்தான் வந்தது. இரண்டாவது வழியின் ஒரே கவர்ச்சி, பிரிக்காமல் செய்யலாம் என்பது. அதை நம்பிப் பயன்படுத்த வேண்டுமானால் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த பிறகு பாதியில் ஏன் நிற்க வேண்டும்? 'பழைய நிலைக்குத் திரும்ப முடியுமே' என்பார்கள். திரும்பி எங்கே போவது? 2019-க்கா? இதே கேள்வியை இன்னும் ஐந்து வருடம் புதுப்பிப்பு பாக்கியுள்ள குரோம்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் நேர் எதிராக இருக்கும். 2021 முதல் வெளிவந்த கருவிகளுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்பு தருவதாக 2023-ல் கூகுள் அறிவித்தது. அப்படி ஒன்றை இப்போதே பிரித்து அலசுவது வீண் வேலை.

மூன்றாவது வழி, சிப்பில் இருக்கும் மொத்த ஃபர்ம்வேரையும் எடுத்துவிட்டு, அதே மிஸ்டர் குரோம்பாக்ஸ் தரும் முழு ரோமை (ஃபர்ம்வேர் கோப்பை) எழுதுவது. அதுவும் கோர்பூட்தான், ஆனால் காவலாளி இல்லை. அவர் இடத்தில், இன்றைய லேப்டாப்புகளில் பழைய பயாஸுக்குப் பதிலாக இருக்கும் சாதாரண யூஇஎஃப்ஐ. வெள்ளைத் திரை கிடையாது, பீப் கிடையாது, கன்ட்ரோல்-எல் கிடையாது. பவர் பட்டனை அழுத்தினால் கோர்பூட்டின் சின்னமான முயல் படம் ஒரு கணம் வந்து போகும், உடனே லினக்ஸ். கடையில் வாங்கிய மற்ற லேப்டாப்புகளைப் போலவே எந்த டிஸ்ட்ரோவையும் (லினக்ஸ் வகையையும்) பெண்டிரைவிலிருந்து போடலாம். போனஸாக, மெய்நிகர் கணினிகளை ஓட்டத் தேவையான பிராசஸர் வசதியையும் இது திறந்துவிடுகிறது. 2 ஜிபி ரேமில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

வேலை எப்படி நடக்கும் என்றால்: எஸ்கேப், ரிஃப்ரெஷ், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி மீட்புத் திரைக்குப் போய், கன்ட்ரோல்-டி அழுத்தி டெவலப்பர் மோடைத் திறக்க வேண்டும். உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் அழியும், முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு அணைத்து, அடிமூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டும். ஒரு திருகு வாரண்டி ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் மூடியை நெம்பி உடைத்தவர்கள் உண்டு. உள்ளே முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குங்கள். பூட்டுத் திருகை அடையாளம் காண்பது கஷ்டமில்லை, மற்ற திருகுகளின் அடியில் முழு வட்டத் தகடு இருக்கும், இதன் அடியில் மட்டும் வட்டம் பிளந்திருக்கும். கழற்றி, பேட்டரியைத் திரும்ப இணைத்து, மூடி, சார்ஜரை மாட்டிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பழைய ஃபர்ம்வேரை நகலெடுத்து வைக்கட்டுமா என்று அது கேட்கும். சரி என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டவர்களைப் பற்றி இன்னும் இரண்டு பத்திகளில் சொல்கிறேன்.

எழுதும் நேரம் ஓரிரு நிமிடம்தான். அந்த ஓரிரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைப்பானேன். மின்சாரம் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜர் தாங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் சிக்கல். மின்வெட்டு அறிவித்த நாளில் மட்டும் செய்யாதீர்கள்.

எழுதுவது பாதியில் நின்றால் லேப்டாப் எழாது. செங்கல் என்பார்கள். அந்தச் செங்கல்லையும் மறுபடி லேப்டாப் ஆக்கலாம். சி720-இன் ஃபர்ம்வேர் சிப் 8 எம்பி அளவுள்ள, எட்டுக் கால்கள் கொண்ட சாதாரண சிப். சிப்பில் எழுதும் கருவியான சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமரும் அந்தச் சிப்பைக் கவ்வும் கிளிப்பும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்னொரு கணினியில் ஃப்ளாஷ்ரோம் நிரலை ஓட்டி, நகலெடுத்து வைத்த கோப்பைத் திரும்ப எழுதினால் தீர்ந்தது. நகல் இல்லாதவர் என்ன எழுதுவார்? அதற்காகத்தான் சொன்னேன். இன்னொரு எச்சரிக்கை: கறுப்பு நிறத்தில் மலிவாக வரும் சிஎச்341ஏ போர்டுகள் பலவற்றில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். பலர் அப்படியே பயன்படுத்தித் தப்பித்திருக்கிறார்கள், ஆனாலும் மின்னழுத்தத்தைத் திருத்திய போர்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிற்காலக் குரோம்புக்குகள் சிலவற்றில் சிப்பே 1.8 வோல்ட், அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

இழப்பு ஒன்றும் இருக்கிறது. காவலாளி போனதால் பாதுகாப்பில் ஓர் அடுக்கு குறைகிறது. லேப்டாப் கையில் கிடைத்த எவரும் பெண்டிரைவைச் செருகி எதையும் தொடங்கலாம். நிறுவும்போதே டிஸ்கை என்கிரிப்ட் செய்துவிடுவது நல்லது.

சரி, இப்போது இது முழுக்கத் திறந்த ஃபர்ம்வேர்தானா? கிடையாது. இந்த ஹாஸ்வெல் பிராசஸரில் ரேமை எழுப்ப எம்ஆர்சி என்ற மூடிய துண்டை இந்த ரோம் வைத்திருக்கிறது. பின்னணியில் தனியாக ஓடும், இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இன்னொரு மூடிய துண்டும் சிப்பில் உட்கார்ந்திருக்கும். இவை உறுத்துகிறவர்களுக்குத்தான் நாலாவது வழி: திங்க்பேட் எக்ஸ்200. 2008-ஆம் ஆண்டு லேப்டாப், கோர் 2 டுவோ. இதில் மேனேஜ்மென்ட் எஞ்சினை முழுதாகவே நீக்கிவிடலாம். கோர்பூட்டிலிருந்து மூடிய துண்டுகளை நீக்கிய லிப்ரேபூட் போட்ட எக்ஸ்200-க்கு, பயனரின் சுதந்திரத்தை மதிக்கும் கருவி என்று 2015-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் சான்றிதழைக் கொடுத்தது. ரேமை 8 ஜிபி வரை ஏற்றலாம். ஆனால் முதல் முறை எழுதுவதற்கே கிளிப்பும் புரோகிராமரும் வேண்டும், திருகைக் கழற்றி ஸ்கிரிப்ட் ஓட்டும் வசதி கிடையாது. கனமான லேப்டாப், பேட்டரி புதிதாகத் தேட வேண்டும், வீடியோ பார்க்கும்போது அதன் வயது தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சான்றிதழ் வாங்கிய அந்த எக்ஸ்200-இல், விசைப்பலகையையும் பேட்டரியையும் கவனிக்கும் சின்னக் கட்டுப்பாட்டு சிப்பின் நிரல் இன்னும் மூடியதுதான். 199 டாலர் குரோம்புக்கில் அதே வேலையைச் செய்யும் நிரலின் மூலம் கூகுள் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சுதந்திரத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்பது ஆளைப் பொறுத்தது.

இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்தால் எனக்குப் பிடித்தது திங்க்பேட் எக்ஸ்220 அல்லது டி420. 2011-ஆம் ஆண்டுக் கருவிகள், 16 ஜிபி ரேம் ஏற்கும், கோர்பூட் இவற்றின் ரேமை மூடிய துண்டு இல்லாமலே எழுப்பும், மேனேஜ்மென்ட் எஞ்சினைப் பெருமளவு வெட்டிவிடலாம். பணம் கொடுத்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதையே வாங்குங்கள். சும்மா கிடைத்தது சி720 என்றால் அதை விட்டு இங்கே வர வேண்டிய அவசியமில்லை.

இதுவரை சொன்னது எதுவும் சாதாரண விண்டோஸ் லேப்டாப்புக்குப் பொருந்தாது. நம் வீடுகளில் தூங்கும் பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளும் அதில் சேரும். தொடக்க ஆண்டுகளில் அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ. இந்த வகை மலிவு லேப்டாப்புகளுக்குக் கோர்பூட் பொதுவாகக் கிடையாது. லெனோவோ ஜி505எஸ் போல அபூர்வமாக ஒன்றிரண்டு விதிவிலக்கு. கோர்பூட் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் தனித்தனியாக யாராவது உட்கார்ந்து எழுத வேண்டிய ஒன்று. 'கிட்டத்தட்ட இதே மாடல்தான்' என்று வேறு போர்டின் கோப்பை எழுதினால் செங்கல் நிச்சயம். உங்கள் போர்டு கோர்பூட் பட்டியலில் இல்லையா, ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள், லினக்ஸை மட்டும் போடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: விண்டோஸை அழிப்பதற்கு முன் தயாரிப்பாளரின் கடைசி பயாஸ் புதுப்பிப்பைப் போட்டுவிடுங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் அதைப் போடும் நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துவிட்டதால் இந்த வேலை பலருக்கும் இப்போது வந்திருக்கும்.

டிஸ்ட்ரோ விஷயத்தில் சண்டை போட எனக்கு ஆசையில்லை. பழைய வழிகாட்டிகள் கேலியம்ஓஎஸ் போடச் சொல்லும். குரோம்புக்குக்கென்றே செய்தது, ஆனால் கைவிடப்பட்டுப் பல வருடம் ஆகிறது, வேண்டாம். நான் போட்டது டெபியன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்புடன். 2 ஜிபி ரேமில் லினக்ஸ் மின்ட் ஓடும், ஆனால் பிரவுசருக்கு மிச்சம் வைக்காது. எந்த டிஸ்ட்ரோ என்பதைவிட எத்தனை டேப் திறக்கிறீர்கள் என்பதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. இசட்ரேம் போட்டுக்கொண்டால், ரேமில் இருப்பதையே சுருக்கி வைத்து இடம் பண்ணிக்கொடுக்கும், கண்ணுக்குத் தெரியும் மாற்றம். ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. எஸ்எஸ்டியைக் கூட்டலாம்: 2242 அளவுள்ள எம்.2 சாட்டா கார்டு வேண்டும், என்விஎம்இ வாங்கிவிடாதீர்கள். பூட்டுத் திருகுக்காகத் திறக்கும்போதே இதையும் மாற்றிவிட்டால் ஒரே வேலையாகப் போகும்.

சி720-இன் வைஃபை ஆத்தெரோஸ் சிப் என்பதால் தனிக் கோப்பு எதுவும் இறக்காமலே வேலை செய்தது. ஒலியும் டச்பேடும் அப்படியே. பின்னால் வந்த குரோம்புக்குகள் பலவற்றில் ஒலியை வரவழைப்பதே ஒரு பெரிய வேலை. ஏஆர்எம் பிராசஸர் உள்ள குரோம்புக்குக்கு மிஸ்டர் குரோம்பாக்ஸின் ரோம் கிடையாது என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசைப்பலகையில்தான் இரண்டு நாள் தடுமாறினேன். டெலீட் விசை இல்லை. கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் தேடல் விசை இருக்கிறது. கீடி என்ற சின்ன நிரலில் நாலு வரி எழுதி, தேடல் விசையோடு பேக்ஸ்பேஸ் அழுத்தினால் டெலீட் ஆகும்படி செய்துகொண்டேன். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் அதன் எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99 வந்துவிடுகிறது. மொழி மாற்றுவதற்கும் அதே தேடல் விசைதான், இடது கை விசைகளிலேயே இருக்கிறது.

கழற்றிய பூட்டுத் திருகை நான் திரும்ப மாட்டவில்லை. ஃபர்ம்வேருக்கு அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி அடிமூடியைக் கழற்ற மனமில்லை. திருகை ஒரு துண்டு டேப்பில் ஒட்டி, பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பழைய ஃபர்ம்வேரின் அந்த 8 எம்பி கோப்பு ஒரு பெண்டிரைவிலும், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட ஒரு மின்னஞ்சலிலும் இருக்கிறது.